கைமாறும் எந்திரங்கள்: சேலம், நாமக்கல் தச்சுப் பட்டறைகளின் எழுதப்படாத சந்தை

பழைய பிளேனர் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கும் பட்டறையில் விலைப்பேச்சு கடைசியாகத்தான் தொடங்குகிறது. முதலில் சுவிட்ச் போடப்படுகிறது. கத்தி உருளை முழு வேகத்தை எட்டியதும் வார்ப்பிரும்பு மேசையின் மீது ஒரு நாணயம் விளிம்பில் நிறுத்தப்படுகிறது. அது சாயாமல் நின்றால் வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு மின்சாரம் நிறுத்தப்பட்டு, உருளை தானாகச் சுற்றி ஓய்வதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது, ஓயும் தறுவாயில் பேரிங்கிலிருந்து கரகரப்பு எழுகிறதா என்பதெல்லாம் காதுகொடுத்துக் கேட்கப்படுகின்றன. வாங்க வருபவர் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. வயதில் மூத்த ஆசாரி ஒருவரையும், மோட்டார் காயில் கட்டத் தெரிந்த ஒருவரையும் உடன் அழைத்து வருகிறார். புதுப் பெயின்ட் பளபளக்கும் எந்திரத்தைக் கண்டால் இந்த மூவரின் சந்தேகமும் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை, ஏனெனில் வார்ப்பில் விழுந்த விரிசலையும் அதன் மீது இட்ட ஒட்டையும் மறைப்பதற்குப் பெயின்டைவிட மலிவான வழி கிடையாது.

சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாக நாமக்கல் வரை நீளும் சமவெளியின் தச்சுப் பட்டறைகளில் இத்தகைய சோதனைகள் அன்றாடம் நடக்கின்றன. எந்த எந்திரத்தை வாங்கலாம், எந்த மரவாடியில் காய்ந்த மரம் கிடைக்கும், எந்தக் கீல் ஈராண்டில் துருப்பிடிக்கும் என்ற அறிவு முழுவதும் இங்கே பேச்சின் வழியாகவே பரவுகிறது. பாடநூலோ, தரச்சான்றோ, அரசு அலுவலகமோ நுழையாத இந்தச் சந்தையே இப்பகுதியின் சிறு பட்டறைகளை நிமிர்த்தி வைத்திருக்கிறது என்பதும், அதன் பெருங்குறை விரல்களின் மீது விழுகிறது என்பதும் ஒருசேரக் கவனிக்கத்தக்கவை.

லாரிக் கூடுகளிலிருந்து அலமாரிகளுக்கு

1997 ஜனவரி முதல் நாளன்று சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், முட்டைக்கு அடுத்தபடியாக லாரி பாடி கட்டும் தொழிலுக்குப் பெயர் பெற்றது. தொழிற்சாலையிலிருந்து வெறும் சேசிஸாக, அதாவது எஞ்சினும் சக்கரங்களும் பொருத்திய அடிச்சட்டமாக வந்து சேரும் வண்டிக்கு, ஓட்டுநர் அமரும் கேபினையும் சரக்கேற்றும் பெட்டியையும் கட்டித் தருவது இந்தப் பட்டறைகளின் வேலை. கேபினின் உட்சட்டம், தரைப்பலகை, பக்கப்பலகை ஆகியவை மரத்தால் ஆனவையாக இருந்த காலம் முழுவதும் கொல்லர், வெல்டர், பெயின்டர் ஆகியோருக்கு இணையான இடம் அங்கே தச்சருக்கும் இருந்தது.

அந்த இடம் படிப்படியாகச் சுருங்கியது. முதலில் மரத்தின் இடத்தை இரும்புத் தகடு பிடித்தது. பின்னர் லாரிக் கேபின்களுக்கும் பாடிகளுக்கும் தேசிய அளவில் கட்டுமான விதிகள் வகுக்கப்பட்டன. 2023 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும், மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களின் கேபின்களில் குளிர்சாதன வசதி கட்டாயம் என்றது. ஓட்டுநரின் உடல்நலத்தை எண்ணினால் இவ்விதி வரவேற்கத்தக்கதே. எனினும் சோதித்துச் சான்று பெறவேண்டிய கேபின், தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வருவதுதான் இயல்பு என்பதால், உள்ளூரில் கேபின் கட்டுவோரின் வேலைப் பரப்பு இன்னும் குறுகுகிறது.

இதே காலத்தில் வீட்டு மரவேலையின் முகமும் மாறிவிட்டது. நிலை, கதவு, சன்னல் என்று கட்டை மரத்தில் நடந்த வேலை குறைந்து, பிளைவுட்டிலும் மரத்தூள் பலகையிலும் அலமாரி, சமையலறைப் பெட்டி, பரண்மூடி செய்வது பெருகியது. கட்டை மரத்தைச் சீவும் பிளேனரும், சதுரத் துளை குடையும் எந்திரமும் ஒரு பட்டறையில் ஓய்ந்து கிடக்க, பலகையை நேராக அறுக்கும் பேனல் சாவும் விளிம்பில் பட்டை ஒட்டும் எந்திரமும் இன்னொரு பட்டறைக்குத் தேவைப்படுகின்றன. தொழிலை விடுபவர், தொழிலுக்குள் வருபவர், வேலையின் வகையை மாற்றுபவர் ஆகிய மூவரும் சந்திக்கும் இடம்தான் பழைய எந்திரச் சந்தை.

பழையதை எடைபோடும் முறை

இப்பட்டறைகளில் புழங்கும் பழைய எந்திரங்களில் வார்ப்பிரும்பால் ஆனவற்றுக்கு, குறிப்பாகப் பஞ்சாபின் பட்டாலா போன்ற வார்ப்படத் தொழில் நகரங்களில் செய்யப்பட்ட கனமானவற்றுக்கு, மதிப்பு அதிகம். எடை கூடிய எந்திரம் அதிர்வை உள்வாங்கிக்கொள்ளும். அதிர்வு குறைந்தால் சீவிய பரப்பில் அலை விழாது. முப்பது ஆண்டு ஓடிய வார்ப்பிரும்பு மேசையைவிடப் புதிய தகட்டு மேசை மேலானது என்று எந்த அனுபவசாலியும் சொல்வதில்லை.

மேசைக்கு அடுத்து ஆராயப்படுவது மோட்டார். மூன்று குதிரைத்திறன் கொண்ட மும்முனை மோட்டார் முழுச் சுமையில் ஏறத்தாழ ஐந்து ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். சுமையின்றி ஓடும்போது அதில் பாதியளவே இழுக்க வேண்டும். கம்பியைச் சுற்றிக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் அதைவிடக் கணிசமாகக் கூட்டிக் காட்டினால், மோட்டாரின் காயில் சரியில்லாத கையால் மறுபடி கட்டப்பட்டிருக்கலாம், அல்லது உருளை எங்கோ உரசலாம். பெல்ட் ஓடும் புல்லியில் காணவேண்டிய தடயம் இதைவிட நுட்பமானது. வி-வடிவ பெல்ட் காடியின் இரு சரிவுகளையும் பற்றி ஓட வேண்டுமே தவிர அடியைத் தொடக் கூடாது. ஆகவே காடியின் அடிப்பகுதி கண்ணாடிபோல் மின்னினால் புல்லி தேய்ந்துவிட்டது, பெல்ட் நழுவுகிறது என்று பொருள். விற்பவர் எதை மறைத்தாலும் இந்த மினுக்கத்தை மறைக்க முடிவதில்லை.

வாங்கும் முடிவையே மாற்றவேண்டிய செய்தி ஒன்றும் உண்டு, அதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. மிகப் பழைய பிளேனர்களில் கத்தி பூட்டும் தண்டு சதுர வடிவில் இருக்கும். சதுரத் தண்டு சுழலும்போது அதற்கும் மேசைக்கும் இடையே ஆழமான வெற்றிடம் மாறிமாறித் தோன்றுவதால், தவறி விழும் விரலை அது உள்ளே இழுத்துக் கொள்கிறது. உருண்டைத் தண்டில் கத்தி மிகச் சிறிதளவே வெளியே நீட்டியிருக்கும் என்பதால் காயம் நேர்ந்தாலும் அதன் ஆழம் குறைவு. சதுரத் தண்டு எந்திரம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் காயலான் கடைக்கு எடைக்குப் போடத்தான் தகுதியானது.

▪ பெட்டிச் செய்தி: காசு கொடுக்கும் முன்
நேர்விளிம்புக் கோலை மேசையின் மீது மூலைக்கு மூலை வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.
பெல்ட்டைக் கழற்றி, தண்டைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால் பேரிங் ஆட்டம் தெரிந்துவிடும்.
பேண்ட்சாவின் இரு சக்கரங்களிலும் ரப்பர் பட்டை வெடித்திருந்தால் ரம்பம் தடத்தில் நிற்காது.
மோட்டாரின் பெயர்த்தகடு காணாமல் போயிருந்தால், எழுதப்பட்ட திறனையும் விற்பவர் சொல்லும் திறனையும் ஒப்பிட வழியில்லை.
பாதுகாப்பு மூடியும் ரம்பத்தின் பின்னால் நிற்கும் பிளவுக்கத்தியும் எங்கே என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் புதிதாகச் செய்து மாட்டும் செலவை விலையில் கழிக்க வேண்டும்.

சுற்றளவில் கால்: மரவாடிக் கணக்கு

எந்திரத்தில் ஏமாறுபவர் ஒருமுறை ஏமாறுகிறார். மரத்தில் ஏமாறுபவர் ஒவ்வொரு வேலையிலும் ஏமாறுகிறார். உருட்டு மரத்தை அளப்பதற்கு நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் முறையில், நடுச் சுற்றளவை நான்கால் வகுத்து, அதன் வர்க்கத்தை நீளத்தால் பெருக்குகிறார்கள். 48 அங்குலச் சுற்றளவும் 10 அடி நீளமும் கொண்ட மரம் இக்கணக்கில் 10 கன அடி. வடிவியல் கணக்கின்படி அதன் உண்மைக் கன அளவு 12.7 கன அடிக்கும் சற்று மேல். இடையில் விடுபடும் ஐந்தில் ஒரு பங்கு, பட்டையும் அறுவைச் சேதமும் போக வாங்குபவருக்கு மிஞ்சும் சலுகை என்று கருதப்படுகிறது. அறுத்த பலகைக்கு இச்சலுகை கிடையாது என்பதும், அறுத்தபின் அளப்பதா அறுக்கும் முன் அளப்பதா என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும் என்பதும் மரவாடிக்குப் புதிதாகச் செல்பவர்க்குச் சொல்லப்படும் முதல் பாடம்.

மரத்தின் வகையும் மாறியிருக்கிறது. 2014 ஏப்ரல் 1 முதல் மியான்மர் உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியபின், பர்மாத் தேக்கு என்ற பெயரில் விற்கப்படுவதில் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்த மரமே நம்பத்தக்கதாக எஞ்சியது. ஆப்பிரிக்க, தென்னமெரிக்கத் தோட்டத் தேக்கு தூத்துக்குடி வழியாக வந்து அவ்விடத்தை நிரப்புகிறது. தோட்டத் தேக்கு இளவயதிலேயே வெட்டப்படுவதால் அதில் வைரத்தைவிட, அதாவது முதிர்ந்து நிறம் ஏறிய உட்கட்டையைவிட, வெள்ளைக்கட்டையின் பங்கு மிகுதி. வெள்ளையில்தான் உளு விழும், கரையானும் முதலில் அதையே நாடும். உள்ளூர் வேம்பும் பூவரசும் இந்த வகையில் ஏமாற்றுவதில்லை என்ற கருத்து கிராமத்து ஆசாரிகளிடம் வலுவாக இருக்கிறது. அது பெரும்பாலும் நியாயமான கருத்தே.

சேலம் சமவெளியின் வறட்சி தனிக் கவனத்துக்குரியது. ஈரக் காற்று வீசும் இடத்தில் அடுக்கி வைத்திருந்த மரத்தை அப்படியே கொண்டுவந்து இங்கே கதவு செய்தால், கோடை முடிவதற்குள் மூட்டுகள் விலகிவிடும். மரம் எந்த ஊரில் பயன்படப்போகிறதோ அந்த ஊரின் காற்றீரத்துக்கு ஏற்பவே காய்ந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 287 நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. ஈரமானி ஒன்றை வாங்கிப் பட்டறைக்குப் பொதுவாக வைத்துக்கொள்வதால் தவிர்க்கப்படும் நட்டம், அதன் விலையைப் பலமுறை திருப்பித் தரும். கதவின் நடுப்பலகையைச் சட்டத்தின் காடியில் பசையின்றி மிதக்கவிட வேண்டும் என்ற பழைய விதியும் இதே காரணத்தால் பிறந்தது: பசை போட்டு இறுக்கினால் சுருங்க வழியின்றிப் பலகை வெடிக்கிறது.

ஒரு மில்லிமீட்டர் படுத்தும் பாடு

பிளைவுட் வேலையில் துளை குடைந்து, சட்டத்தின் நுனியைச் செதுக்கி இறக்கும் மூட்டுக்கு இடமில்லை. அந்த வேலையைக் கடையில் வாங்கும் இரும்புச் சாமான்கள் செய்கின்றன. இங்கேதான் பலகையின் தடிமனும் சாமானின் அளவும் ஒன்றையொன்று சோதிக்கின்றன. 600 மில்லிமீட்டர் அகலமுள்ள பெட்டிக்கு இருபுறமும் 18 மில்லிமீட்டர் பலகை போக உள்ளகலம் 564. இழுப்பறை ஓடும் டெலஸ்கோபிக் சானல் பக்கத்துக்கு 12.7 மில்லிமீட்டர் இடம் கேட்பதால் இழுப்பறையின் அகலம் ஏறத்தாழ 538 என்று வெட்டப்படுகிறது. பதினெட்டு என்று விற்ற பலகை உண்மையில் பதினேழு இருந்தால் உள்ளகலம் 566 ஆகிவிடும். சானல் தளர்ந்து, இழுப்பறை ஆடி, மைக்கா துண்டுகளை அண்டை கொடுத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும். வீட்டுக்காரர் பழிப்பது ஆசாரியை.

அலமாரிக் கதவின் ஆட்டோ ஹிஞ்ச் விஷயத்திலும் இதே நுட்பம் உண்டு. கதவில் 35 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் குழி குடைந்து பொருத்தும் இந்தக் கீல், கதவு பக்கப்பலகையை முழுதாக மூடினால் ஜீரோ கிராங்க், இரு கதவுகள் ஒரே பலகையைப் பங்கிட்டால் எட்டு, கதவு பலகைகளுக்கு உள்ளே அடங்கினால் பதினாறு என்று கழுத்து வளைவின் அளவால் பிரிக்கப்படுகிறது. மரத்தூள் பலகையில் இதன் திருகை ஒருமுறைக்கு மேல் கழற்றி அதே துளையில் மாட்டினால் பிடிப்பு போய்விடும். எனவே வளைவைத் தவறாக வாங்கியவர் கீலையும் இழக்கிறார், கதவையும் இழக்கிறார்.

எவர்சில்வர் கீல்களைப் பொறுத்தவரை, காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, அது தவறு. நிக்கல் குறைந்து மாங்கனீசு கூடிய 202 ரகமும், நிக்கல் மிகுந்த 304 ரகமும் இரண்டுமே காந்தத்தை அவ்வளவாக ஈர்ப்பதில்லை, ஆனால் உப்புத்தண்ணீர் படும் சமையலறையில் முதலாவது விரைவில் கறைபிடிக்கிறது. எவர்சில்வர் உருட்டாலை இயங்கும் சேலத்திலேயே இத்தவறான சோதனை நிலைத்திருப்பது வியப்புக்குரியது.

▪ பெட்டிச் செய்தி: பலகையின் மீதுள்ள முத்திரை
2025 பிப்ரவரி இறுதியில் நடைமுறைக்கு வந்த தரக்கட்டுப்பாட்டு ஆணை பிளைவுட்டுக்கும் மரக் கதவுகளுக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கியது; சிறு, குறு தயாரிப்பாளர்களுக்குக் கூடுதல் அவகாசம் தரப்பட்டது. பொதுப் பயன்பாட்டுக்கான பிளைவுட் ஐ.எஸ். 303, 72 மணி நேரம் கொதிநீரில் தாங்கவேண்டிய மெரைன் ரகம் ஐ.எஸ். 710. முத்திரைக்கு அருகிலுள்ள உரிம எண்ணைப் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டால் அது உண்மையா என்று கடையிலேயே தெரிந்துவிடும்.

விரலின் விலை

வாய்வழிச் சந்தை மிகுந்த கவனத்துடன் கடத்தும் செய்திகளில் பாதுகாப்பு கடைசி இடத்தில் இருக்கிறது. வட்ட ரம்பத்தின் மூடி வேலைக்கு இடைஞ்சல் என்று கழற்றப்படுகிறது. இரண்டாம் கைக்கு மாறும்போது அது மூலையில் கிடக்கிறது. மூன்றாம் கைக்கு மாறும்போது காணாமலே போகிறது. ரம்பத்தின் பின்னே நிற்கும் பிளவுக்கத்தியின் வேலை, அறுபட்ட மரம் மீண்டும் மூடி ரம்பத்தைக் கவ்விவிடாமல் தடுப்பது. அது இல்லாத எந்திரத்தில் ஈரமும் முறுக்கும் உள்ள கட்டை ரம்பத்தில் சிக்கினால், தள்ளுபவரின் வயிற்றை நோக்கி மரம் எகிறி அடிக்கிறது. தடுமாறும் கை ரம்பத்தின் மீது விழுகிறது.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஆபத்தான எந்திரப் பகுதிகளுக்கு வேலியிட வேண்டும் என்று விதித்தது. ஆனால் மின்சாரத்துடன் பத்துப் பேராவது வேலை செய்யும் இடம்தான் அச்சட்டத்தின் பார்வையில் தொழிற்சாலை; 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பு அந்த எண்ணிக்கையை இருபதாக உயர்த்தியது. இரண்டு ஆசாரிகளும் ஒரு பையனும் நடத்தும் பட்டறை அப்போதும் வெளியே நின்றது, இப்போது இன்னும் தள்ளி நிற்கிறது. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் கட்டைவிரல் இழப்பைச் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பாகவும், சுட்டுவிரல் முழுவதும் போனால் 14 விழுக்காடாகவும் கணக்கிட்டது. உளியைக் கட்டைவிரலால் நடத்தும் தச்சருக்கு இந்த விழுக்காடுகள் பொருந்துமா என்பது ஒருபுறமிருக்க, தனக்குத்தானே முதலாளியாக இருப்பவர் அந்த இழப்பீட்டையும் யாரிடமும் கேட்க முடியாது.

மூக்கின் வழியே நுழையும் ஆபத்து இன்னும் மெதுவானது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. பழைய எந்திரத்தோடு தூசி உறிஞ்சும் பையையும் சேர்த்து விலை பேசுபவர் அரிது.

▪ பெட்டிச் செய்தி: விரல் துண்டானால்
துண்டான பகுதியைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டிக்குள் வைக்க வேண்டும். விரலை நேரடியாகப் பனிக்கட்டியில் போட்டால் திசு அழிந்து, ஒட்டவைக்க முடியாமல் போகும். காயத்தை அழுத்திக் கட்டி, கையை உயர்த்திப் பிடித்து, நுண் அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குச் சில மணி நேரத்துக்குள் சென்றாக வேண்டும்.

தம்மம்பட்டியில் உளியும் கணினியும்

கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையே அமைந்த தம்மம்பட்டி, வாகை மரத்தில் தெய்வ உருவங்களும் கதவுகளும் செதுக்கும் கைவினைஞர்களால் அறியப்பட்ட ஊர். கணினி சொல்லும் வழியில் கத்தி நகர்ந்து செதுக்கும் சி.என்.சி. ரவுட்டர் எந்திரங்களும் இப்போது கைமாறி விலைக்கு வருவதால், தட்டையான பூவேலைப் பலகைகளில் உளிக்குப் போட்டி வந்துவிட்டது. பக்கத்து மாவட்டமான பெரம்பலூரின் அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தபின், எந்த அளவு வரை எந்திரம் செய்தால் அது கைவினை என்ற கேள்வி கூர்மையடைந்திருக்கிறது. அடிக்கட்டையைப் பெருமளவுக்குக் குடைந்தெடுக்க எந்திரத்தைப் பயன்படுத்துவதில் பிழையில்லை. முகமும் கண்ணும் விரலும் உளியின் வேலையாக இருக்கும்வரை சிற்பம் சிற்பமே. பழைய சி.என்.சி. வாங்குவோர் மறக்கக் கூடாத வேறொன்று: வார்ப்பிரும்பு பிளேனரைப் பழுது பார்க்க உள்ளூரில் கடைசல் பட்டறை போதும், கட்டுப்பாட்டுப் பலகை எரிந்த ரவுட்டருக்கு அது போதாது.

கடன் வருகிறது, பழைய எந்திரம் நிற்கிறது

2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் தச்சர் உள்ளிட்ட 18 தொழிலினருக்கு 15,000 ரூபாய் கருவி உதவியும் இரு தவணைகளில் மூன்று லட்சம் வரை கடனும் அறிவித்தது. சாதித் தொழிலை நிலைநிறுத்தும் என்ற காரணத்தால் தமிழ்நாடு அரசு அதைச் செயல்படுத்த மறுத்து, 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. 35 வயது நிரம்பியவர்களுக்கு 25 தொழில்களில் மூன்று லட்சம் ரூபாய் வரை கடனும், 25 விழுக்காடாக, உச்சமாக 50,000 ரூபாய் மானியமும் அதில் உண்டு. சாதி கேட்காத இரண்டாவது அமைப்பே பொருத்தமானது.

ஆனால் கடன் வழங்கும் முறைகளில் பழைய எந்திரம் நெடுங்காலமாகத் தீண்டப்படாதது. 2000இல் தொடங்கிய, மூலதன மானியத்துடன் இணைந்த மத்தியக் கடன் திட்டம், பயன்படுத்திய எந்திரம் வாங்குவோருக்குப் பொருந்தாது என்று வெளிப்படையாகவே விதித்திருந்தது. ரசீது இல்லாத எந்திரத்துக்கு மதிப்புச் சொல்ல வங்கிக்கு ஆளில்லை என்பது உண்மை; ஆள் இல்லாததாலேயே பட்டறைக்காரர் நல்ல பழைய வார்ப்பிரும்பை விட்டு, தகட்டில் செய்த புதிய எந்திரத்தைக் கடனில் வாங்குகிறார், அல்லது கந்துவட்டிக்குப் போகிறார்.

தச்சுத் தொழிற்பிரிவு நடத்தும் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களின் பயிற்றுநர்களைக் கொண்டு, மாவட்டத் தொழில் மையங்கள் பழைய மரவேலை எந்திரங்களைச் சோதித்துச் சிறு கட்டணத்தில் சான்று வழங்கலாம். மூடியும் பிளவுக்கத்தியும் உருண்டைத் தண்டும் இருந்தால் மட்டுமே சான்று, சான்று இருந்தால் மட்டுமே கடன் என்ற ஒரே நிபந்தனை, எந்தச் சட்டமும் நுழையாத சிறு பட்டறைக்குள் பாதுகாப்பைக் கொண்டு சேர்க்கும். சேலம், நாமக்கல் மாவட்ட நிர்வாகங்கள் இதைத் தொடங்குவதற்குப் புதிய சட்டம் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அதுவரை வீட்டில் வேலைக்கு வரும் ஆசாரியின் ரம்பத்தில் மூடி இருக்கிறதா என்று வாசகர்கள் கேட்கட்டும். இல்லையென்றால் அதை வாங்கி மாட்டும் தொகையை முன்பணத்தில் சேர்த்துக் கொடுக்கட்டும்.